மலைமேல் இருக்கிற சாமியின் பேர்

ஜூன் 3, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம், நான்காவது மாடி. ஆஸ்திரேலியாவில் யார் வீட்டிலாவது துணி துவைக்கும் மெஷின் கெட்டுப்போனால் அவர்கள் எங்களுக்கு போன் செய்து திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத்தான் சம்பளம். அவர்களுக்கு நம்மைவிட முன்னாலேயே விடிந்துவிடுகிறதாம், அதனால் கருக்கலிலேயே ஷிப்ட் தொடங்கிவிடும். பரவாயில்லை, எருமைக்காக எழுந்து பழகியவள்தான் நான்.

நாற்பத்திரண்டு வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று எங்கள் ஊரில் கேட்காதவர் பாக்கியில்லை. நான் இங்கிலீஷில் எம்.ஏ. காங்கேயத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டார்கள். பையன் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். தோட்டத்து வீட்டில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் எருமையும் மட்டும். எருமையிடம் எவ்வளவுதான் இங்கிலீஷ் பேசுவது?

கிளம்பும்போது எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார்: "ஒரு மாசம் தாங்கமாட்ட புள்ள. நீயாப் பொட்டியத் தூக்கிட்டு வருவ. நானாக் கூப்புடமாட்டேன், பாத்துக்க."

நானும் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மாதக் கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பெட்டியோடு போய் அவருடைய சிரிப்பைப் பார்த்தாக வேண்டும். அதற்கு நான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்காவது நடந்தே போய்விடுவேன்.

ஜூன் 4, செவ்வாய்

கெரகம். மேனேஜருக்கு எங்கள் வீட்டுக்காரர் பேர்.

நடந்தது இதுதான். காலையில் ஒரு கூட்டம் போட்டார்கள். இந்த ஆபீசில் யாரும் சார் இல்லை, யாரும் மேடம் இல்லை, அண்ணன் அக்கா தம்பி எதுவும் கிடையாது, எல்லாருக்கும் எல்லாரும் பேர்தான் என்றார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் அப்படித்தானாம், நாமும் அப்படியே பழக வேண்டுமாம். உடனே ஒரு பொடியன் எழுந்து நின்று, நான்தான் உங்கள் மேனேஜர், என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று பேரைச் சொன்னான். எனக்குக் காது அடைத்துவிட்டது.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமி பேர். பாதி ஆண், பாதி பெண். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எழுதுவதும் சொல்வதும் ஒன்றுதான். கோயிலுக்குப் போனால்கூட நான் "மலைமேல இருக்கற சாமீ" என்றுதான் கும்பிடுவேன். அவருக்கும் புரிந்துதான் இருக்கிறது, இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.

சேரும்போது கணவர் பெயர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். ஆதார் அட்டையை நீட்டிவிட்டேன். அங்கேயே இந்த வில்லங்கத்தை மோந்து பார்த்திருக்க வேண்டும்.

எம்.ஏ. படித்தவள் புருஷன் பேரைச் சொல்லமாட்டாளா என்று யாராவது கேட்பார்கள். இது பயமும் இல்லை, பக்தியும் இல்லை. வாய் வராது, அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து "ஏனுங்க மாமா"தான். அந்தப் பேர் என் நாக்கில் ஏறினதே இல்லை.

ஜூன் 6, வியாழன்

என் பேர் மயிலாத்தாள். இங்கே அது மைலா. யாரோ ரஷ்யாக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

மேனேஜரைக் கூப்பிட வேண்டி வந்தால் எழுந்து அவன் மேசைவரை நடந்து போய்ப் பக்கத்தில் நின்று இருமுகிறேன். இன்றைக்கு மூன்றாவது இருமலுக்கு என்னிடம் கஷாயம் வேண்டுமா என்று கேட்டான். நல்ல பையன்தான். திருச்செங்கோட்டில் அந்தச் சாமி பேர் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு, இவனுக்குத் தாத்தா பேராம். தாத்தாவுக்கு வேறு பேர் வைத்திருக்கக்கூடாதா?

எம்.ஏ. என்பதால் என் தலையில் ஒரு வேலையைக் கட்டினான். தினம் பலகையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அதன் பிறப்பு வளர்ப்பு எல்லாம் எழுத வேண்டும். நாம் போனில் பிழைப்பு நடத்துகிறவர்கள், அதனால் ஆளைக் கூப்பிடுகிற வார்த்தையாக இருக்கட்டும் என்றான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? முதல் நாள் "ஹலோ" எழுதினேன். அந்தக் காலத்தில் அது தூரத்தில் போகிறவனை அதட்டி நிறுத்துகிற கூப்பாடு, வேட்டை நாயை ஏவுகிற சத்தம். போன் வந்த பிறகுதான் மரியாதைப்பட்ட வார்த்தை ஆனது.

எழுதி முடித்துத் திரும்பினால் எதிரே அவன். "ஹலோ" என்றேன். பாடத்தை உடனே கடைப்பிடிக்கிறேன் என்று சந்தோஷப்பட்டான்.

ஜூன் 10, திங்கள்

வில்லங்கம் பெரிதாகிவிட்டது. வாடிக்கையாளர் மேனேஜரைக் கேட்டால், இன்னாரிடம் உங்களை இணைக்கிறேன் என்று பேரைச் சொல்லிவிட்டுத்தான் மேலே தள்ளிவிட வேண்டும். எல்லாம் பதிவாகும்.

இன்று பெர்த்திலிருந்து டெஸ்மண்ட் என்று ஒரு கிழவர். மெஷின் கடகடவென்று சத்தம் போடுகிறதாம், மேனேஜரைக் கூப்பிடு என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் எப்படிக் கூப்பிடுவேன்? சார், சார் என்று கெஞ்சினேன். என்னை எதற்கு சார் என்கிறாய் என்று அதற்கும் கோபம். சார் என்பது லத்தீனில் மூத்தவர் என்கிற வார்த்தையிலிருந்து வந்தது, நீங்கள் மூத்தவர், எங்கள் ஊரில் மூத்தவரைப் பேர் சொல்லமாட்டோம் என்றேன். தன்னை யாரும் ரொம்ப நாளாக மூத்தவர் என்று நல்லபடியாகச் சொன்னதில்லை என்றார். அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மெஷினின் அடியில் இருக்கும் வடிகட்டி மூடியைத் திறக்க வைத்தேன். உள்ளே அவருடைய பல்செட் இருந்தது. சட்டைப் பையில் வைத்துத் துவைத்திருக்கிறார். அதுவரை அவர் பேசினதில் பாதி புரியாமல் நான் என் எம்.ஏ.வைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு, மேனேஜர் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

ஜூன் 13, வியாழன்

பக்கத்துத் தோட்டத்து சம்பூரணத்தக்காவுக்கு போன் செய்தேன். சும்மாதான். எருமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எருமை நன்றாக இருக்கிறதாம். மழை பெய்ததா என்று கேட்டேன். இல்லையாம். எருமைக்கு யார் தண்ணி காட்டுகிறார்கள் என்று கேட்டேன். உன்ற ஊட்டுக்காரர்தான், வேற ஆரு என்றாள். எருமைக்குத் தண்ணி காட்டுகிறவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், ஏனென்றால் அவர் சாப்பிட்டால்தானே எருமையைக் கவனிக்க முடியும். மூணு வேளையும் தயிர்சோறு என்றாள். அது எருமைக்கு நல்லதில்லை.

இன்றைய வார்த்தை "ஹஸ்பண்ட்". பழைய வட ஐரோப்பிய பாஷை ஒன்றில் வீடு என்று ஒரு வார்த்தை, அதில் குடியிருக்கிறவன் என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வீட்டுக்காரர். அப்படியே நாம் சொல்கிற வார்த்தை. எந்த ஊரிலோ பனிக்குள் உட்கார்ந்துகொண்டு எவளோ ஒருத்தியும் பேர் சொல்லமுடியாமல் எங்க வீட்டுக்காரர் என்றுதான் சொல்லியிருக்கிறாள். பலகைக்கு முன்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போல.

அவர் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஆபீசே எனக்குக் கைதட்டியது. இந்த இரண்டு வாரத்தில் ஒரு அழைப்பைக்கூட மேனேஜருக்குத் தள்ளிவிடாத ஒரே ஆள் நான்தானாம். இப்படி ஒரு கணக்கு இந்த ஆபீசில் இதுவரை யாருக்கும் வந்ததில்லையாம். சிட்னியிலிருந்து பெரிய அதிகாரி பாராட்டி எழுதியிருக்கிறார்.

அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த ஒரு பேரைச் சொல்லாமல் தப்பிக்க நான் யார் யாரிடம் என்னென்ன பேசியிருக்கிறேன்! மெல்பர்னில் ஒருத்திக்கு அவள் மாமியாரோடு சமாதானம் செய்து வைத்தேன். மெஷின் கடைசிவரை ஓடவில்லை, ஆனால் அவள் சந்தோஷமாக வைத்தாள்.

ஜூன் 19, புதன்

என் ரகசியத்தை மற்றவர்களுக்குப் பாடமாக எடுக்கச் சொன்னார்கள். பலகையில் "புரொவோக்" என்று எழுதினேன். லத்தீனில் வெளியே வா என்று கூப்பிடுவதாம். அடுத்தவன் உள்ளே இருக்கிற கோபத்தை வாசலில் நின்று நாம் கூப்பிடக்கூடாது, அதுவே தூங்கிவிடும் என்று ஒரு போடு போட்டேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மேனேஜரும் எழுதிக்கொண்டான். பாவமாக இருந்தது.

ஜூன் 20, வியாழன்

இதைவிட ஒரு கேவலம் வேண்டாம்.

பக்கத்து மேசை ஷெரின் என்னைக் கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாகர்கோவில் பெண், இருபத்துநான்கு வயது, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். ஆபீஸ் முழுக்க ஒரு பேச்சு ஓடுகிறதாம். மேனேஜர் பேர் காதில் விழுந்தாலே எனக்கு முகம் சிவக்கிறதாம், நான் அவன் பேரை ஒருநாளும் சொல்வதில்லையாம், அடிக்கடி அவன் மேசைப் பக்கம் போய் நிற்கிறேனாம். அதனால் எனக்கு அவன்மேல் ஒரு இதுவாம்.

டீ மூக்கில் ஏறிவிட்டது. அவன் என் பையனைவிட எட்டு வயதுதான் மூத்தவன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஷெரின் சிரித்த சிரிப்பில் கேன்டீன்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். எங்கம்மையும் சொல்ல மாட்டாவ, ஆனா அவிய மொபைல்ல அப்பா பேரு "ஏங்க"ன்னுதான் இருக்கு என்றாள். அந்த வகையில் நான் நாகரிகம். என் போனில் "வீட்டுக்காரர்" என்று இருக்கிறது.

இந்த வதந்தியை ஷெரினே அணைத்துவிடுவதாகச் சொன்னாள். எப்படி என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஆபீசுக்கே என் கதை தெரிந்துவிட்டது, மேனேஜருக்கு மட்டும் சொல்லவில்லையாம். அவன் அறியாமல் வேடிக்கை பார்க்கிற தனிச் சந்தோஷத்துக்காக.

ஜூன் 24, திங்கள்

தேர்வு வெள்ளிக்கிழமை. தேர்வு என்ன தெரியுமா? வாடிக்கையாளர் மாதிரி ஒருவர் சிட்னியிலிருந்து பேசுவார். எதைச் சொன்னாலும் சமாதானம் ஆகமாட்டார். அவரை முறைப்படி, பேர் சொல்லி, மேனேஜருக்கு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. என்னுடைய அந்தக் கைதட்டின கணக்கைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத்தான் இதை வைத்திருக்கிறார்கள். மேலே தள்ளிவிடவே தெரியாதவளோ என்று.

மலைமேல இருக்கற சாமீ, இது நியாயமா?

ஜூன் 25, செவ்வாய்

நான் தங்கியிருக்கிற ஹாஸ்டலில் கண்ணாடி முன்னால் நின்று முயற்சி செய்தேன். வாயைத் திறந்தால் கொட்டாவி வந்தது.

ஷெரின் பேரை இரண்டாக உடைத்துக் கொடுத்தாள். முன்பாதியை இன்று சொல், பின்பாதியை நாளைக்குச் சொல், வெள்ளிக்கிழமை ஒட்டிவிடலாம் என்றாள். முன்பாதி வந்துவிட்டது. பின்பாதியை மட்டும் சொன்னால் அதன் நெடில் என் வாயில் குறுகிக் காட்டு மிருகமாகிவிடுகிறது. கட்டின புருஷனை நரி என்பதா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பலகையில் "மேட்" எழுதினேன். ஆஸ்திரேலியாக்காரர் வார்த்தைக்கு வார்த்தை சொல்வது. கூட உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறவன் என்பதுதான் அதன் பழைய அர்த்தம். தயிர்சோறு ஞாபகம் வந்தது. எழுதினதை அழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன், நேரமில்லை.

ஜூன் 26, புதன்

வாய் வரவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

மத்தியானம் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்ல இஷ்டமில்லை. இத்தனை வருஷம் வாயில் ஒரு பேரை வைத்துப் பொத்திக்கொண்டு வந்துவிட்டு, முதன்முதலில் அதைக் கொண்டுபோய் ஒரு துணி மெஷின் கம்பெனி மேனேஜரிடம் இறக்கி வைப்பதா? அது யாருடையதோ அவருக்கல்லவா முதலில் போக வேண்டும்?

போனை எடுத்தேன். நானாகக் கூப்பிட மாட்டேன் என்று சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"அலோ" என்றார்.

கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பேரைச் சொன்னேன். முழுசாக. பின்னால் ஒரு "ங்க"கூட இல்லை.

அந்தப் பக்கம் எருமை மட்டும் ஒரு தடவை கத்தியது.

"ஆருங்க பேசறது?" என்றார்.

"நாந்தானுங்க."

"நாந்தான்னா?"

"மயிலாத்தா."

"என்ன புள்ள ஆச்சு? பையனுக்கு ஏதாச்சுமா?" குரல் நடுங்கியது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உலகம் முடிந்துவிட்டது என்றுதானே அவர் நினைப்பார்? ஒன்றும் ஆகவில்லை என்று சத்தியம் செய்து, மேனேஜர், அவன் தாத்தா, டெஸ்மண்ட் பல்செட், நாளைக்குத் தேர்வு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் ஊம் கொட்டாமல் கேட்டார்.

"நாளைக்கு அந்தப் பேர ஊரான் ஊட்டுப் பையனுக்குச் சொல்லோணுமுங்க. மொதல்ல உங்களுக்குச் சொல்லிப்போட்டு அப்பறம் அவனுக்குச் சொல்றதுதானுங்க மொற."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். எருமை கத்துகிறது, தள்ளிப் போய் நின்று கேட்கிறேன் என்றார். அந்த எருமை வாயையே திறக்கவில்லை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொன்னேன். கொடியில் ஈரத்துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த மாதம் முழுக்க நான் அவரை நினைத்து ஏங்கிப்போய்க் கிடந்திருக்கிறேன். எருமையை ஒன்றும் இல்லை. எழுதிவிட்டேன், இனி என்ன.

ஜூன் 28, வெள்ளி

சுற்றிலும் நான்கு பேர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷெரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாமி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். சிட்னிக்காரர் நன்றாகவே திட்டினார். எனக்குப் பழக்கத்தில் அவர் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வாய் போனது, அடக்கிக்கொண்டேன். நேரம் வந்தது. உங்களை என் மேனேஜரிடம் இணைக்கிறேன், அவர் பேர் அர்த்தநாரி என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. அர்த்தநாரி. எழுதியும் பார்த்துவிட்டேன்.

அந்தப் பக்கம் எடுத்த பையனுக்குத்தான் நிலைகுலைந்துவிட்டது. ஒரு மாதமாக என் இருமலை மட்டுமே கேட்டுப் பழகியவன், திடீரென்று பேரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டானாம். பதிவாகிற லைனில், சிட்னி கேட்க, "சொல்லுங்க அக்கா" என்றான். எனக்குத் தேர்ச்சி. அவனுக்கு முறைமீறல் என்று ஒரு மார்க் குறைத்துவிட்டார்கள். போகும்போது அவனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். இனி என்ன, வெளியில் தம்பி என்றே கூப்பிடுகிறேன் என்றேன். தயவுசெய்து கூப்பிடுங்க அக்கா என்றான்.

சாயங்காலம் போன் அடித்தது. "வீட்டுக்காரர்" என்று வந்தது. நானாகக் கூப்பிட மாட்டேன் என்றவர் அவராகக் கூப்பிட்டார். தேறிவிட்டேன், வேலை நிரந்தரம் என்று சொன்னேன். சந்தோஷமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. எருமைக்குத் தீவனம் விலை ஏறிவிட்டது என்றார். மேற்கே மேகம் கட்டியிருக்கிறது என்றார். ஏதோ கேட்க வந்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. காத்திருந்தேன்.

"அந்தப் பையனுக்கு எத்தன தடவ சொன்ன?" என்றார்.

"ஒருக்காத்தானுங்க மாமா."

நேற்று அவர் கேட்டு வாங்கின கணக்கோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார் போல.

"அப்பச் சரி" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாராம், மத்தியானச் சோறு என்னோடுதானாம்.